உருண்டையா, தட்டையா? காருக்கு உலோகச் சாமான் கடையக் கொடுக்கும் முன்

அப்பா விட்டுச்சென்ற பிரீமியர் பத்மினி, காட்பாடி வீட்டுக் கொட்டகையில் பதினோரு ஆண்டுகள் அசையாமல் நின்றிருந்தது. அதை ஓட வைப்பது நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. கார்பரேட்டரைக் கழுவி, பெட்ரோல் தொட்டியின் துருவை எடுத்து, பிரேக் சிலிண்டர்களின் ரப்பர்களை மாற்றியதும் ஓடிவிட்டது. கண்ணில் படுகிற சின்னச் சாமான்கள்தான் உயிரை வாங்கின. கியர் குமிழ் வெடித்திருந்தது. ஜன்னல் கைப்பிடிகளின் நுனிக் குமிழ்களில் இரண்டைக் காணோம். டாஷ்போர்டில் சுவிட்சுகள் உட்காரும் தகட்டை யாரோ அறுத்து, பொருந்தாத ஒரு ரேடியோவை நுழைத்திருந்தார்கள். இதே நேரத்தில் என் அக்கா மகன் புது ஹேட்ச்பேக் வாங்கிவிட்டு, “மாமா, எனக்கும் ஒரு கியர் குமிழ், பெடல் தகடு எல்லாம் செய்து கொடுங்கள்” என்று வந்து நின்றான். பழைய வண்டி ஒன்று, புது வண்டி ஒன்று. இரண்டுக்குமாக ஆறு மாதம் வேலூருக்கும் இராணிப்பேட்டைக்கும் நடந்தேன்.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் உலோகத்தைத்தான் யோசிக்கிறார்கள். பித்தளையா, அலுமினியமா, எவர்சில்வரா? நானும் அப்படித்தான் ஒரு பட்டியலோடு போனேன். கொணவட்டம் பக்கம் கடைசல் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் அதை வாங்கிப் பார்த்தார். அவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். உலோகத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. “தம்பி, எது உருண்டை, எது தட்டை? அதை முதலில் பிரித்துச் சொல்லுங்கள்” என்றார். நான் விழித்தேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் செலவு, நேரம், எந்தப் பட்டறை, எந்த உலோகம் ஆகிய எல்லாமே அந்த ஒரு கேள்வியைத் தொட்டுத்தான் முடிவாகியிருக்கின்றன.

உருண்டையான சாமானைக் கடைசல் இயந்திரம் செய்துவிடும். குமிழ், மூடி, வளையம், டியூப் வால்வின் மூடி, ரேடியோ திருகு எல்லாம் இந்தக் கணக்கு. ராடு சுழல்கிறது, உளி நிற்கிறது, வேண்டாததைச் சீவி எடுக்கிறது. வரைபடம் கூடத் தேவையில்லை. பழைய குமிழைக் கையில் கொடுத்து “இதே போல” என்றால் போதும். தட்டையானது, மூலைகள் உள்ளது, சன்னல் போலத் துளை வெட்டியது, எழுத்து பொறித்தது என்றால் கதை வேறு. அதற்கு மில்லிங் வேண்டும், அதாவது சாமான் நிற்க, உளி சுழன்று வெட்ட வேண்டும். சுத்தமாக வர வேண்டுமானால் வி.எம்.சி. என்கிற, கணினி ஓட்டும் மில்லிங் இயந்திரம் வேண்டும். இராணிப்பேட்டை சிப்காட்டில் ஜாப் வேலை எடுக்கும் பட்டறைகளில் அந்த இயந்திரங்கள் இருக்கின்றன. அங்கே வாசலிலேயே முதல் கேள்வி “எத்தனை பீஸ்?” என்பதுதான்.

அந்தக் கேள்வியில் குற்றம் இல்லை. வி.எம்.சி.யில் உளி ஓடுகிற நேரம் சொற்பம். அதற்கு முன்னால் கணினியில் வரைய வேண்டும், உளி போகும் பாதையை நிரலாக எழுத வேண்டும், சாமானைப் பிடித்துக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும், பூஜ்யப் புள்ளியைச் சரி பார்க்க வேண்டும். ஒரு பீஸ் செய்தாலும் ஐம்பது செய்தாலும் இந்த முன்வேலை ஒன்றுதான். ஐம்பது பீஸில் அந்தச் செலவு பிரிந்து கரைந்துவிடும். ஒரு பீஸ் என்றால் முழுவதும் அதன் தலையிலேயே விழும். என் சுவிட்சுத் தகட்டுக்கு ஓர் இடத்தில் சொன்ன தொகையைக் கேட்டு, டீ கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டேன். பாய் பட்டறையில் முன்வேலை என்றால் உளியைச் சாணையில் பிடித்துத் தீட்டுவது. அவ்வளவுதான்.

ஆகவே ஒரே ஒரு பீஸ், அதுவும் உருண்டை என்றால் யோசிக்காமல் கடைசல் பட்டறைக்குப் போங்கள். தட்டையானதாக இருந்து, அதே வண்டி வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்தால் மட்டும் சிப்காட் பக்கம் எட்டிப் பாருங்கள். உருண்டையானதே நாலு ஒரே அளவில் வேண்டும் என்றால்? ஜன்னல் குமிழ்களில் எனக்கு அந்தக் குழப்பம் வந்தது. பாய் கையாலேயே நாலும் செய்தார். வெர்னியர் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டர் வரை வேறுபடுகின்றன. நாலும் நாலு கதவில் இருக்கின்றன. இதுவரை யாருக்கும் தெரியவில்லை.

கடையில் ஆயத்தமாகக் கிடைப்பவற்றைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலானவை பிளாஸ்டிக்கின் மேல் பளபளப்பு ஏற்றியவை. மருமகன் முதலில் அப்படி ஒரு குமிழ்தான் வாங்கி வந்தான். ஒரே கோடையில் உள்ளங்கை படும் இடத்தில் தோல் உரிவது போல உரிந்தது. உரிந்த ஓரம் கையைக் கீறும். விலை மலிவு என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி இல்லை. ஆனால் ஒன்று: புது வண்டிகள் பலவற்றில் கியர் தண்டின் நுனியில் மரையே கிடையாது, குமிழ் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். சிலவற்றில் ரிவர்ஸ் போட ஒரு வளையத்தை மேலே தூக்க வேண்டும். அத்தகைய வண்டிக்குக் கடைசலில் புதுக் குமிழ் செய்வது வீண் வேலை. மருமகனின் வண்டியும் அந்த ரகம்தான் என்பது பழைய குமிழைப் பிடுங்கிய பிறகுதான் தெரிந்தது. நல்லவேளை, அதை உடைக்காமல் எடுத்திருந்தோம்.

மரை உள்ள தண்டு என்றால், இன்னது என்று ஊகித்துக்கொண்டு போகாதீர்கள். எம்.8க்கு 1.25, எம்.10க்கு 1.25 அல்லது 1.5, எம்.12க்கு 1.25 என்று வண்டிக்கு வண்டி மாறும். எம் பக்கத்து எண் மரையின் விட்டம், அடுத்த எண் மரைக்கு மரை உள்ள இடைவெளி, இரண்டும் மி.மீ. கணக்கு. எம்.10 என்று மட்டும் சொல்லி, 1.5 மரை போட்ட குமிழை 1.25 தண்டில் திருகினால் இரண்டு சுற்று ஏறிச் சிக்கிக்கொள்ளும். பிறகு குமிழை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். தண்டைக் கழற்ற முடிந்தால் தண்டோடு போங்கள். முடியாவிட்டால் வண்டியையே பட்டறை வாசலுக்கு ஓட்டிச் செல்லுங்கள். நான் ஓட்டிச் சென்றேன். பாய் மரை அளக்கும் சீப்பை எடுத்து வந்து, ஸ்டியரிங்கின் அடியில் குனிந்து, நாலைந்து பல்வரிசைகளை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அரை நிமிட வேலை.

இனி உலோகம். இங்கேதான் ஆசையும் அறிவும் முட்டிக்கொள்ளும்.

எனக்குப் பித்தளை மேல் ஆசை. குத்துவிளக்கு நிறம், கையில் எடுத்தால் ஒரு கனம். பாய்க்கும் பித்தளை பிடிக்கும், ஆனால் காரணம் வேறு. கடைசலுக்கென்றே விற்கும் பித்தளை ராடில் செம்பும் துத்தநாகமும் போக இரண்டு மூன்று சதவீதம் ஈயம் கலந்திருக்கும். அதனால்தான் உளி பட்டதும் சீவல் சின்னச் சின்னதாக ஒடிந்து தெறிக்கிறது. எண்ணெய் கூட ஊற்றத் தேவையில்லை. அவர் என் குமிழைக் கடைந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 50 மி.மீ. ராடில் 80 மி.மீ. நீளம் அறுத்துச் சக்கில் பிடித்தார். இரண்டு கைப்பிடிகளையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் சுற்றினார். ஒரு கை உளியை உள்ளே தள்ள, மறு கை பக்கவாட்டில் நகர்த்த, மூலையாக இருந்தது மெல்ல வளைந்துகொண்டே வந்தது. மஞ்சள் ஊசிகள் அவர் சட்டைக் கையில் வந்து ஒட்டின. நடுநடுவே நிறுத்தி, தகரத்தில் வெட்டிய பிறை வடிவ அச்சை வைத்து, பின்னால் டியூப் லைட் தெரிய இடைவெளி பார்த்தார். வெளிச்சம் கசியாமல் அச்சு ஒட்டி நிற்கும் இடத்தில் அரத்தை லேசாகக் காட்டினார். கடைசியில் உப்புத்தாள், அதன் பிறகு எண்ணெய் தோய்ந்த கந்தல். நாற்பது நிமிடத்தில் ராடு குமிழானது.

80 மி.மீ. ராடு கிட்டத்தட்ட 1,300 கிராம். 45 மி.மீ. குமிழில் மிஞ்சுவது 400 கிராம். மற்றதெல்லாம் தரையில், சக்கில் மிஞ்சிய கட்டையில். பித்தளைக்குப் பழைய இரும்புக் கடையில் மதிப்பு உண்டு என்பதால் சீவலையும் கட்டையையும் பட்டறை எடுத்துக்கொள்ளட்டும் என்று பேசிக் கூலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். இதை முதலிலேயே பேசிவிட வேண்டும். வேலை முடிந்து பெருக்கிய பிறகு பேசினால் முகம் மாறும்.

அந்த 400 கிராம்தான் பின்னால் வினையாயிற்று. பத்மினிக்குக் கியர் தரையில் இல்லை, ஸ்டியரிங் தண்டின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். நீளமான கோலின் நுனியில் இவ்வளவு எடையைத் தொங்கவிட்டால், நியூட்ரலில் நிற்கும்போது கோல் கீழே சாயப் பார்க்கிறது. பள்ளத்தில் இறங்கினால் நடுங்குகிறது. தரையில் கியர் உள்ள வண்டிக்குக் கனமான குமிழ் நல்லது என்பார்கள். எடையே கையை இழுத்துச் சென்று பல்லில் உட்கார வைக்கும், மாற்றுவது மெத்தென்று இருக்கும். ஸ்டியரிங் கியருக்கு அது பொருந்தாது. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதே அளவில் அலுமினியத்தில் ஒன்று கடையச் சொன்னேன். 130 கிராம். கோல் அடங்கிவிட்டது. பித்தளைக் குமிழ் இப்போது என் மேசையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

அலுமினியம் என்று கேட்டால் கடையில் எதையாவது கொடுத்துவிடுவார்கள். ஜன்னல் சட்டத்துக்கு வருகிற 6063, கொஞ்சம் உறுதியான 6061, அதைவிட உறுதியான 6082 என்று ரகங்கள் உண்டு. கடைக்காரர்கள் வாயில் இவை எச்.ஈ.9, எச்.ஈ.20, எச்.ஈ.30. கடைசலுக்கு 6061 அல்லது 6082 கேளுங்கள். மென்மையான ரகம் உளி நுனியில் பசை போல ஒட்டிக்கொண்டு மேற்பரப்பைக் கிழித்துவிடும். பாய் ஒரு பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் தடவிக்கொண்டே கடைந்தார், பரப்பு கண்ணாடி போல வந்தது. வார்ப்பு அலுமினியத்தை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். சிலிக்கான் அதிகமுள்ள வார்ப்பில் பிறகு அனோடைஸ் செய்தால் (மின்சாரம் செலுத்தி மேற்பரப்பை ஆக்சைடாக்கினால்) நிறம் அழுக்குச் சாம்பலாக வரும்.

எவர்சில்வர்தான் எல்லாவற்றிலும் முரட்டுப் பேர்வழி. துருவும் பிடிக்காது, முலாமும் வேண்டாம், பஃப் அடித்தால், அதாவது துணிச் சக்கரத்தில் மெருகேற்றினால், வெள்ளிக்கிண்ணம்தான். ஆனால் உளி வெட்டாமல் உரசினால் அந்த இடமே இறுகிக் கெட்டியாகிவிடும், அடுத்த முறை உளி மழுங்கும். சீவல் சுருள் சுருளாக, சூடாக, பிளேடு போல வரும். பாய் இதற்கு இரட்டைக் கூலி கேட்டார், நியாயம்தான். இன்னொரு தொல்லையும் உண்டு: 304 என்று சொல்லி 202 ரகத்தைத் தலையில் கட்டுவது. காந்தம் ஒட்டவில்லை என்றால் 304 என்று நம்பிவிடாதீர்கள், 202இலும் காந்தம் ஒட்டாது. நிக்கல் குறைவான 202 நாளாக ஆகப் பழுப்புப் புள்ளி வைக்கும். சோதனைச் சான்று இருக்கும் கடையில் வாங்குவதுதான் வழி.

இந்த மூன்றையும் வேலூர் வெயிலில் வைத்துப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. மே மாதம் கோட்டை அருகே கண்ணாடிகளை ஏற்றி இரண்டு மணி நேரம் வண்டியை நிறுத்திவிட்டு வந்து குமிழில் கை வைத்தேன். பித்தளை சுட்ட சூட்டில் துண்டைப் போர்த்தித்தான் கியர் போட்டேன். அலுமினியமும் முதல் தொடுதலில் சுடத்தான் செய்யும். இரண்டுமே வெப்பத்தைச் சட்டென்று கைக்குக் கடத்துகிறவை. எவர்சில்வரின் கடத்தும் திறன் அலுமினியத்தில் பத்தில் ஒரு பங்குதான். எனவே அதே சூட்டில் இருந்தாலும் கையை அவ்வளவு கடிக்காது. ஆனால் அதே அளவுக் குமிழில் அலுமினியம் சேர்த்து வைக்கும் சூடு மற்ற இரண்டையும்விடக் குறைவு. வண்டி நகர்ந்து காற்று பட்டதும் முதலில் ஆறுவதும் அதுதான். எதுவானாலும் சூட்டுக்கு வைத்தியம் ஒன்று இருக்கிறது: தோல். ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நண்பர் வெட்டித் துண்டில் ஓர் உறை தைத்துக் கொடுத்தார். நிறுத்தும்போது மாட்டி, கிளம்பும்போது கழற்றுகிறேன். உலோகக் குமிழே வேண்டாம், மரமே போதும் என்று ஒருவர் சொன்னால் அவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

மேற்பூச்சில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. முதல் பித்தளைக் குமிழுக்கு நிக்கல் ஏற்றி அதன் மேல் குரோமியம் முலாம் பூசக் கொடுத்தேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. மூன்றே மாதத்தில் அம்மைக் கொப்புளம் போல எழும்பியது. பஃப் அடித்த மெழுகைச் சரியாகக் கழுவாமல் தொட்டியில் இறக்கினால் நிக்கல் பிடிக்காது, அதுதான் காரணம். மேலே பளபளக்கும் குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. உண்மையில் காப்பது கீழே உள்ள நிக்கல். அது சரியாக உட்காராவிட்டால் எல்லாம் போச்சு. மறுபடி செய்து தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று முலாமை நீக்கச் சொல்லி வாங்கி வந்துவிட்டேன்.

வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்த ஆலை ஒன்று 1990களில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற கழிவுமேடும் அதிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கிய மஞ்சள் நிறக் கசிவும் இந்தப் பகுதிக்காரர்களுக்குப் புதிய செய்தி இல்லை. தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைக் குரோமியம். பழைய பாணி முலாம் தொட்டியில் இருப்பது அதைவிடப் பல மடங்கு நஞ்சான ஆறிணைக் குரோமியம். ஒரு கியர் குமிழால் பாலாறு கெட்டுவிடப் போவதில்லைதான். ஆனாலும் ஒரு பளபளப்புக்காக அந்தத் தொட்டியைத் தேடிப் போக எனக்கு மனம் வரவில்லை.

பித்தளையை வெறுமனே விட்டுவிடலாம் என்பது என் முடிவு. கை படும் இடம் கோயில் கதவுக் குமிழ் போலத் தானாகப் பளபளக்கும், படாத இடம் கறுக்கும். அது ஓர் அழகு. கறுப்பு பிடிக்காதவர்களுக்கு அரிசியோடு வாங்கும் புளி இருக்கிறது. லாக்கர் அடித்தால் ஜன்னல் குமிழுக்குத் தாங்கும், கியர் குமிழில் வியர்வை பட்டுத் தேய்ந்து திட்டுத் திட்டாகும். வண்டியைப் போர்த் தண்ணீரில் கழுவுகிறவர்கள் மட்டும் உலோகத்தின் மேல் நீர் காய விடாதீர்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் வைக்கும் வெள்ளைத் திட்டு எந்தப் புளிக்கும் எளிதில் போகாது.

அலுமினியத்துக்கு அனோடைஸ் நல்லது. அது மேலே அடிக்கும் பூச்சு கிடையாது, உலோகத்தின் தோலே ஆக்சைடாக மாறுவது. அதனால் உரியாது. இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சிவப்பு, ஊதா போன்ற சாயங்கள் டாஷ்போர்டு வெயிலில் வெளுக்கும்; கறுப்பு நாள்பட நிற்கும், இயற்கை வெள்ளி நிறத்தில் வெளுக்க எதுவுமே இல்லை. மரைக்குள்ளும் ஆக்சைடு வளர்வதால் துளை இறுகும், ஆகவே மரையை அடைத்துத்தான் கொடுக்க வேண்டும். பவுடர் கோட்டிங் மலிவு. ஆனால் அறுபது எண்பது மைக்ரான் தடிமன் என்பதால் கூரான ஓரங்களும் பிடிப்புக்காகப் பொறிக்கும் நர்லிங் கோடுகளும் மழுங்கிவிடும். பெடல் தகட்டுக்குச் சரி, குமிழுக்கு வேண்டாம்.

பெடல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மருமகன் கேட்டது கண்ணாடி போலப் பஃப் அடித்த பெடல். மழையில் நனைந்த செருப்போடு பிரேக்கை மிதிக்கும்போது வழுக்கினால் என்ன ஆகும் என்று கேட்டதும் அடங்கினான். பெடல் தகட்டில் துளைகளின் விளிம்பு மேலே துருத்தியிருக்க வேண்டும், தகடு திருகாணியால் இறுக வேண்டும், பசையில் நிற்கக் கூடாது. ஏர்பேக் உள்ள ஸ்டியரிங்கின் நடுவில் எந்த உலோக முத்திரையும் ஒட்டக் கூடாது. ஏர்பேக் விரியும்போது அது நேராக முகத்துக்குத்தான் வரும். வண்டிக்கு முன்னால் குழாய்க் காவல் (புல் பார்) வைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவை மீறியது என்று 2017இலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

டாஷ்போர்டுத் தகட்டிலும் கண்ணாடிப் பளபளப்பு வேண்டாம். காலையில் வேலூரிலிருந்து சென்னைக்குப் போனால் சூரியன் எதிரே, மாலையில் திரும்பினால் மறுபடி எதிரே. தகட்டில் பட்டுத் தெறிக்கும் ஒளி வாலாஜா தாண்டும் வரை கண்ணைப் பறிக்கும். ஒரே திசையில் உப்புத்தாள் தேய்த்த மங்கல் பரப்பு போதும், பார்வைக்கும் அதுதான் கௌரவம்.

அந்தத் தகடுதான் இன்னும் முடியவில்லை. 3 மி.மீ. அலுமினியத்தில் நாலு சன்னல்களும் இரண்டு வட்டத் துளைகளும் கொண்டது. அட்டையில் வெட்டி வண்டியில் பொருத்திப் பார்த்து அளவு சரியாக்கி வைத்திருக்கிறேன். சிப்காட்டில் ஒருவர் ஐந்து பீஸ் என்றால் நியாயமான விலைக்கு ஒத்துக்கொண்டார். ஆரணியில் ஒரு பத்மினிக்காரரும் குடியாத்தத்தில் ஒருவரும் சேர்ந்துவிட்டார்கள். இன்னும் இருவர் வேண்டும். அதுவரை அட்டைத் தகடே டாஷ்போர்டில் இருக்கிறது. வெள்ளிப் பெயின்ட் அடித்திருக்கிறேன், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.